அவள் இல்லாமல் நடந்த நேர்காணல்

கல்லூரி முதல்வராகவும் இருந்து கண்டிப்பைக் கனிவோடு கலக்கத் தெரிந்த அவைத்தலைவர் அவர்களே! ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் அமர்ந்து என் சட்டைப் பித்தான் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மூத்தோர்களே, தாய்மார்களே! நாளைய நீதிக்கு நாவாகப்போகும் மாணவச் செல்வங்களே! வணக்கம்.

இங்கே சட்டம் படித்து, இறுதிவரை ஏழைகளுக்காக வாதாடி, சென்ற ஆண்டு மறைந்த வழக்கறிஞர் என் மனைவி. நானோ பல் மருத்துவன். ஊரையெல்லாம் வாய் திறக்கச் சொல்லிப் பிழைத்தவன். வீட்டில் வாய் திறக்க வழியில்லாதவன்! சிரியுங்கள், தாய்மார்களே, அவளும் இப்படித்தான் சிரிப்பாள்.

தன் சேமிப்பையெல்லாம் சட்டம் பயிலும் ஏழை மாணவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க ஓர் அறக்கட்டளையாக எழுதி வைத்தாள். ஊராருக்கெல்லாம் ஓட்டையில்லாத பத்திரம் எழுதியவள், தன் பத்திரத்தில் என்ன எழுதினாள்? "மாணவரை நானே நேரில் கண்டு, கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுப்பேன்." தான் இல்லாத ஒரு நாளை எண்ணினாளா? இல்லையே! எல்லா வழக்குக்கும் வாய்தா வாங்கியவள், எமனிடமும் வாங்கிவிடலாம் என்று இருந்துவிட்டாள்.

முதல் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே போய்விட்டாள். அறங்காவலர்களான நாங்கள் திருதிருவென விழித்தோம். விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கையை விரித்தோம்.

ஒருத்தி மட்டும் விடவில்லை. பேருந்து ஓட்டுநரின் மகள், இதே கல்லூரி மாணவி. உதவி கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும். என் கிளினிக்கில் பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து உள்ளே வந்தாள்.

"ஐயா, அம்மா எதுக்காக நேர்ல பார்க்கணும்னு எழுதினாங்க?"

"வாதாடத் தெரிஞ்ச புள்ளையான்னு பார்க்கத்தான்."

"அப்போ உதவிக்காக நிபந்தனையா, நிபந்தனைக்காக உதவியா? அம்மா இல்லாம போகலாம். அவங்க தேடின ஆளும் இல்லாம போயிடுமா?"

மறுத்தேன், மடக்கினாள். மீண்டும் மறுத்தேன், மீண்டும் மடக்கினாள்.

"நான் பல் டாக்டர்மா. உன்னைக் கேள்வி கேட்க எனக்கு என்ன தெரியும்?"

"இவ்வளவு நேரமா கேட்டதெல்லாம் வேற என்னங்கய்யா?"

அவையோரே, அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை அப்போதே கையில் எடுத்தேன்! கண் கலங்கியது, ஆனாலும் மனம் குளிர்ந்தது. அந்த நிபந்தனையை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்தோம். அந்தப் பெண் சொன்ன காரணத்தையே நீதிபதியும் ஏற்றார். அதுவரை கட்டணம் கேட்காமல் அவைத்தலைவர் அவளை வகுப்பில் இருக்கவிட்டார்.

பணம் ஒரு பரம்பரையா? பத்திரம் ஒரு பரம்பரையா? நியாயத்துக்காக எழுந்து நிற்கும் நெஞ்சமல்லவா பரம்பரை! மகளே, மேடைக்கு வா. உதவித்தொகை உனக்குத்தான். இன்னொன்றும் சொல்கிறேன்: அடுத்த ஆண்டு மாணவரை நேரில் கண்டு கேள்வி கேட்கப்போகிறவளும் நீதான்!

செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. நீதி கேட்டு வரப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என் வணக்கம்.