டுவேன் பாவ்லக்கின் வில்லில் நான் கட்டிய ரப்பர் குஞ்சங்கள்

என் பெயர் வெர்லா தோர்சன், வயது 56, காலஞ்சென்ற ஆரின் தோர்சனின் மனைவி. விஸ்கான்சின் மாநிலம், எல்ம் ஃபோர்க் ஊர், மில் சாலை 14ஆம் எண் வீட்டில் தனியாக வசிக்கிறேன். அதே ஊரில் வேட்டை வில் விற்கும் கடையில் பதினொரு வருடமாக வில் பழுது பார்த்து வருகிறேன். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றேன்.

டுவேன் பாவ்லக்கைப் பள்ளிக் காலத்திலிருந்து தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அவரும் என் கணவரும் மான் வேட்டைக்குப் போன இடத்தில், மரத்தில் கட்டியிருந்த பரணின் கயிறு அறுந்து என் கணவர் விழுந்ததில் அவர் முதுகெலும்பு முறிந்தது. நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்தார். விழுந்தவுடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதாக டுவேன் என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன்.

கடந்த ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட மதுக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த டுவேன், ஆரின் விழுந்த அன்று, தன் அம்பு பட்ட மானின் ரத்தத் தடத்தைப் பிடித்து ஒரு மைல் போய், அதன் குடல் எடுத்து முடித்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததாகக் கூட்டாளிகளிடம் சொன்னார். "ஆரின் எங்கடா ஓடப்போறான்? மான்தான ஓடிடும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மீனைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு செப்டம்பர் 12ஆம் தேதி டுவேன் தன் வில்லோடு கடைக்கு வந்தார். "நாண் ரொம்ப அதிருது, வெர்லா. அந்தப் பெரிய கொம்பு மான் சத்தம் கேட்டே குனிஞ்சு தப்பிச்சிடுது" என்றார். நாணின் சத்தத்தை அடக்க நீர்நாய் ரோமக் குஞ்சம் கட்டினால் பல வருடம் உழைக்கும். ரப்பர் குஞ்சம் வெயில் பட்டால் வெடித்து உதிரும். நான் கடை முகப்பில் இரண்டு கோடை வெயில் தின்ற ரப்பர் குஞ்சங்களை எடுத்தேன். நாணின் இழைகளைப் பிரித்து, மேலே கால்வாசியில் ஒன்றும் கீழே கால்வாசியில் ஒன்றும் நுழைத்து, இறுக்கிச் சுற்றவேண்டிய நூலைத் தளர்வாகச் சுற்றினேன். அந்த மான் மறுபடியும் தப்ப வேண்டும் என்பதுதான் அப்போது என் எண்ணம்.

அதன் பிறகு அவர், "நூல் அவுந்துச்சுன்னா லைட்டர்ல உருக்கி ஒட்டிக்கலாம்ல?" என்று கேட்டார். நூல் உருகும் சூட்டில் நாணும் உருகும், அந்த நாண் முழுசாக இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். இதைக் கடைக்கு வரும் எல்லோரிடமும் சொல்வேன். அவரிடம் மட்டும் அதைச் சொல்லாமல், "உன் கைக்குத் தெரியாததா, டுவேன்?" என்றேன்.

அக்டோபர் 5ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அவர் காட்டிலிருந்து கடைக்குப் போன் செய்து, நூலை உருக்கி ஒட்டிய இடத்தில் நாண் அறுந்து கண்ணில் அடித்துவிட்டது என்று அலறினார். நான் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், அதன் பிறகு அவர் சொன்ன இடத்துக்கு என் வண்டியில் போனேன். வலது கண் போயிருந்தது. துண்டை வைத்துக் கட்டினேன். "நீ வரலன்னா செத்திருப்பேன்" என்று என் கையைப் பிடித்தார். அப்போது ரப்பர், நூல், லைட்டர் மூன்றையும் பற்றி ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் ஏன் காப்பாற்றினீர்கள் என்று அதிகாரி கேட்டார். செத்தவன் எதையும் நினைத்துப் பார்க்க மாட்டான். டுவேன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதை அதிகாரி எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். கடைசியில் நான் வருந்துவதாக ஒரு வரி சேர்த்திருந்தார். அது நான் சொல்லாதது என்பதால் அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார். மற்றபடி இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்னுடையது, உண்மையானது.

(ஒப்பம்) வெர்லா தோர்சன்