பார்க்குக்குக் கை தூக்குனவன்

இல்லீங்க அம்மிணி, அத அடிச்சுப்போடுங்க. மொதல்ல ஊடுன்னு எழுதுங்க. ஒண்ணாம் நெம்பர் போட்டு, ஊடு. அப்பறம் சாக்கடை. பார்க்கு கடசீல வந்தாப் போதும். வராட்டியும் போகுது.

சிரிக்கறீங்க. ஊருக்கு என்ன வேணும்னு எழுத வந்தவங்க, பழைய தீர்மான நோட்டப் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க போல. ஆமாங்க, பார்க்கு வேணும்னு முன்மொழிஞ்சது கதிர்வேல்னு இருக்குமே, அது நாந்தான். அப்ப நான் வார்டு மெம்பரு. உக்காருங்க, நின்னுட்டே எழுதறீங்க. மோரு குடிக்கறீங்களா? சரி, வேண்டாம்னா உடுங்க.

அன்னைக்கு அப்படிச் சொல்லிப்போட்டு இன்னைக்கு ஏன் மாத்திச் சொல்றேன்னு கேட்டா, சித்த பொறுமையாக் கேக்கோணும்.

அந்த வருசம் வந்த நிதி ஒரு வேலைக்குத்தானுங்க பத்தும். ஓடக்கரைல பன்னண்டு தொகுப்பு ஊடு இருக்குது, வாரப்பப் பாத்திருப்பீங்க. எங்கப்பன் காலத்துல கட்டுனது. மேல கம்பி தெரியும், செவுத்துல கைய வெச்சா மண்ணு உதுரும். அத இடிச்சுக் கட்டலாம்னு முக்காவாசிப் பேரு. பொறம்போக்குல பார்க்குப் போடலாம்னு சொன்னது நாலஞ்சு பேருதான். கிராம சபை கூடுன அன்னைக்கு அவங்கெல்லாம் ஊட்டுக்குத்தான் கை தூக்கறதா இருந்தாங்க. நான் எந்திரிச்சு யுவஸ்ரீயப் பத்திப் பேசுனேன்.

யுவஸ்ரீ ஆருன்னா, ஆராயி புள்ளைங்க. ஓடக்கரைல மூணாவது ஊடு. அவ புருசன் சின்னான் வெண்ணந்தூருக்குத் தறி ஓட்டப் போவான். ஒரே புள்ள, ஏழு வயசு. சபை கூடுறதுக்கு முந்துன வருசம், தை மாசம், பொழுதோட பள்ளிக்கூடம் உட்டு வந்து ரோட்டுல பாண்டி ஆடிட்டு இருந்துச்சு. தார் ரோட்டுல சாக்பீஸ்ல கட்டம் போட்டு. பைபாஸ் வேலைக்கு மண்ணடிக்கற டிப்பரெல்லாம் இந்த வழியா ஓடிட்டு இருந்த சமயம் அது. ஏதோ ஒரு வண்டி அடிச்சுப்போட்டு நிக்காமப் போயிருச்சு. கூட ஆடுன புள்ளைங்க தண்ணி குடிக்க ஊட்டுக்குள்ள போயிருந்துச்சுங்க. ஒருத்தரும் பாக்கல. போலீசுக்காரங்க நாலு வண்டிய நிறுத்தி டயரெல்லாம் பாத்தாங்க. ஒண்ணும் தெரியல. இன்னைக்கும் கேசு அப்படியே கெடக்குது.

சபைல அதத்தான் சொன்னேன். நமக்கு ஒழுகுற ஊடாவது இருக்குது, புள்ளைங்களுக்கு ரோட்ட உட்டா ஓடியாட எடமில்ல, இன்னொரு புள்ளையத் தூக்கோணுமான்னு கேட்டேன். மொதல்ல கை தூக்குனது ஆராயிதான். பன்னண்டு ஊட்டுல அவ ஊடுதான் ரொம்ப மோசம். அவளே தூக்குனதுக்கப்பறம் ஊடு வேணும்னு ஆரு சொல்லுவா? சொல்லிப்போட்டு அவ மூஞ்சீல எப்படி முழிக்கறது?

பார்க்கு வந்துச்சு. சறுக்கு, ஊஞ்சலு, சுத்தி நடக்கறதுக்குக் கல்லு. யுவஸ்ரீ சிறுவர் பூங்கான்னு பேரு வெக்கச் சொன்னதும் நாந்தான். ராசிபுரத்துல உக்காந்து இருந்து போர்டு எழுதி வாங்கியாந்தேன். ஆராயிக்கு அங்கயே கூட்டற வேலையும் பேசி உட்டேன். தொறந்த அன்னைக்கு அவ வந்து, அண்ணா, எம்புள்ளைக்குன்னு பேசுனது நீங்க ஒருத்தருதான்னு சொல்லிக் கால்ல உழுகப் போனா. நான் பின்னால போனதுல ஊஞ்சக் கம்பில இடிச்சு மண்டைல ரத்தம் வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

இல்லீங்க, நான் பார்க்குக்குள்ள போறதில்ல. சக்கரைக்கு நடக்கோணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. ஊட்டுக்காரி பார்க்குல நடங்கன்னுதான் சொல்றா. நான் ரண்டு மைலு அக்கட்டச் சுத்திப் போயிட்டு வாரேன். இங்க திண்ணைல உக்காந்திருந்தா ஊஞ்சச் சங்கிலிச் சத்தம் கேக்கும். புள்ளைங்க போனப்பறமும் சித்த நேரம் கேக்கும். போன வாரம் வேலிக்கு வெளிய நின்னு எண்ணுனேன். உள்ள ஒம்போது புள்ளைங்க. பூட்டறப்ப வெளிய வந்தது எட்டு. ஆராயி உள்பக்கமாப் பூட்டீட்டுத் திரும்பிப் போயிட்டா. நான் ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு இருந்தேன். கண்ணுல பொறை உழுந்திருக்கும், ஆஸ்பத்திரில காட்டுங்கன்னு ஊட்டுக்காரி சொல்றா. இருக்கும்.

ஏன் மாத்திச் சொல்றேன்னுதான, அதுக்கு வாரேன். போன ஐப்பசில மூணு நாளு மழை புடிச்சுதுங்களா, மத்தியானம் சின்னான் படுத்திருந்தப்ப செவுரு சாஞ்சுருச்சு. உசுரு தப்பிச்சுது, இடுப்பு போயிருச்சு. இனித் தறில நிக்க முடியாது. பார்க்குல மழைக்கு ஒதுங்கறதுக்குத் தகரம் போட்டிருக்கில்லீங்க, ரண்டு பேரும் அதுக்கடிலதான் இருக்காங்க. அவன் கட்டல்ல படுத்துட்டு நாளெல்லாம் புள்ள பேரு எழுதுன போர்டப் பாத்துட்டே கெடக்கறான். பாக்கப் போனவங்ககிட்ட ஆராயி என்ன சொன்னாளாம் தெரியுங்களா? ஊடு போனாப் போகுது, புள்ளைங்க இப்ப ரோட்டுக்குப் போறதில்லீல்லன்னு.

அதனாலதான் ஊடுங்கறேன். அவ ஊட்ட மொதல்ல எழுதுங்க.

நல்ல மனசா? அப்படியெல்லாம் சொல்லாதீங்க அம்மிணி. மழைக்கு நான் பொறுப்பில்லைதான். ஆனா அன்னைக்கு நான் புள்ளைங்களுக்காகப் பேசல. அந்த ரோட்டுல மறுக்கா ஒரு சாக்பீஸ் கட்டத்தப் பாக்கக் கூடாதுன்னு பேசுனேன்.

மெம்பராகறதுக்கு முந்தி பத்து வருசம் நான் போர் போடற ரிக்கு வண்டி ஓட்டுனவன். அந்தத் தை மாசம் கல்லு ஒடைக்கற கிரசர்ல ஒரு டிப்பர் டிரைவரு வரல. ஒரே ஒரு நடை அடிச்சுக் குடுங்கன்னு ஓனரு கேட்டாரு. ஓமலூருக்கு லோடு. சுத்திப் போனா நேரமாகும்னு ஊரு வழியா வந்தனுங்க. வளைவுல ஒரு குலுக்கு. நாயின்னு நெனச்சேன்னு இத்தன வருசமா எனக்கு நானே சொல்லிட்டு இருக்கறேன். கண்ணாடில பாத்தேன் அம்மிணி. மஞ்சப் பாவாடை. ஓமலூரு போயி எறக்கீட்டு, டயரக் கழுவி வண்டிய உட்டுப்போட்டு, பஸ்ஸப் புடிச்சு வந்து குழி வெட்டறப்பக் கூட நின்னேன்.

எழுதுங்க, எழுதாமப் போங்க, உங்க இஷ்டம். அடுத்து பார்க்குக்குத்தான போறீங்க? அவ இப்பக் கூட்டிட்டு இருப்பா. நானும் வாரனுங்க. தனியாப் போயி அவகிட்டச் சொல்ல இத்தன வருசமா முடியல.