சிவப்புச் சாரம்

கூடாரத்தின் வாசலைக் காற்று வரும் பக்கம் வைத்தால், விடிய முன்னரே கூடாரம் உங்கள் முகத்தில் கிடக்கும். சின்ன விஷயம்தான் ஐயா, ஆனால் தெரியாதவர்கள் நிறையப் பேர். கஜானனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். கரைக்குள் கடல் புகுந்து ஏரிபோலக் கிடக்கும் கடனீரேரியைக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் முழுதாகச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசையை அவன் தலைக்குள் போட்டவனும் நான்தான். நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

நாங்கள் இருவரும் வடமராட்சிக் கரையில் அடுத்தடுத்த வீடு. இரண்டு வீடும் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைக் குடும்பம். பள்ளிக்கூடம் முடிந்து அவன் பட்டணத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனான், நான் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை போட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் வீட்டு விறாந்தைதான். அவனுடைய அம்மா குணலட்சுமி மாமி மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தருவா. அதைச் சம்பலில் தொட்டுக்கொண்டு போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம். கொழும்புத்துறையில் இறங்குவது, அரியாலைக் கரையோடு போய்த் தனங்கிளப்பில் முதல் இரவு தங்குவது, சங்குப்பிட்டிப் பாலத்துக்குக் கீழால் நுழைந்து கிளாலி, பிறகு பூநகரிப் பக்கமாகத் திரும்புவது. எந்தக் கரையில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எங்கே சேறு, எங்கே சிறகுவலை கட்டத் தண்ணீருக்குள் நட்ட கம்புகள் நெருக்கமாக நிற்கும் என்று எல்லாம் பேசி வைத்திருந்தோம். கயாக் இன்னும் கையில் இல்லை, ஆனால் எங்கள் நினைப்பில் அதற்கு இரண்டு இருக்கை. பின்னால் அவன், முன்னால் நான். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பிறகு ஜெயதீபன் வந்தான். நீர்வேலி வாழைத்தோட்டக்காரரின் மகன். கஜானனின் அலுவலகத்தில் பக்கத்து மேசை. கொழும்பில் படித்தபோது நீச்சல் குளத்தில் நீந்தப் பழகியவனாம். குளத்தில் பழகியவனுக்குக் கடல் என்றால் ஒரு பெரிய குளம். அவனுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து இறக்கிய கயாக் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அது கிடந்தபடியே கிடந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விறாந்தைக்குப் போனபோது என் கதிரையில் அவன் இருந்தான். கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கேதீஸ், முன்னுக்குத் தீபன் இருக்கட்டும்," என்றான் கஜானன். "நீ கரையிலை நில். நீ கரையிலை நிண்டாத்தான் எனக்குப் பயமில்லை."

உங்களுக்கு எங்கள் தொழில் தெரியாது. கரைவலை வளைக்கும்போது தோணியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரிவதில்லை. கரையில் மேட்டில் நிற்பவன் துணி காட்டுவான். துணி உயர்ந்தால் வா. தாழ்ந்தால் நில். தோணிக்காரன் மறுகேள்வி கேட்பதில்லை, அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆகவே மேட்டில் நிற்கும் அந்த இடத்தைக் கண்டவனுக்கெல்லாம் கொடுத்துவிடமாட்டார்கள். கஜானன் எனக்குத் தந்த இடம் பெரியது என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஐயா, பெரிய இடம் வேறு, பக்கத்து இடம் வேறு. பொறாமை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

"ஓம், அதுக்கென்ன," என்றுதான் சொன்னேன்.

சொன்னபடியே செய்தேன். பூநகரிப் பக்கம் போன் சிக்னல் எடுக்காத இடங்கள் உண்டு என்பதால் துணிதான் என்று முடிவாயிற்று. மாமியின் உடுப்புக்கொடியில் கிடந்த சிவப்புச் சாரம் ஒன்றை, கைலிதான், எடுத்துக்கொண்டேன். அவர்கள் தண்ணீரால் வர, நான் மோட்டார் சைக்கிளில் சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு கரையால் போனேன். அந்தந்த இடத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. தனங்கிளப்பில் நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். "அது சொன்னால் உனக்கு விளங்காதடா," என்றான் கஜானன். கூடாரத்தின் வாசல் காற்றுப் பக்கம் இருந்தது. சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம் என்று தீபன் சொன்னானாம்.

கிளாலியில் கஜானன் செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். வாழ்நாளில் போட்டதில்லை. தீபன் போடச் சொன்னானாம்.

"என்னடா, கரைவலைக்காரன்ரை மோன் உந்தச் சட்டையோடை? ஊரிலை கண்டால் சிரிக்கப் போகினம்," என்றேன்.

அவன் வெட்கப்பட்டுக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்தான். பிறகு போடவேயில்லை. அந்த நேரத்தில் என் மனதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கடைசி நாள் பூநகரிக் கரைக்கு எதிரே ஒரு மணல்திட்டில் அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருந்தார்கள். அங்கிருந்து என் கரைக்கு வர வேண்டும். நான் பனைகளுக்கு முன்னால் மேட்டில் நின்றேன். நீக்கிலாப்பிள்ளை என்ற மீன்பிடிக்காரர் தன் வள்ளத்தை அவசரமாக மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். பனைகளுக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. திட்டில் இருந்தவர்களுக்குப் பனைகள் மறைத்திருக்கும்.

"தம்பி, காத்து வருது. பெடியளை அங்கையே நிக்கச் சொல்லு," என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். அவர் சாட்சி சொன்னால் உண்மையைத்தான் சொல்கிறார்.

அவர் வீட்டுப் பக்கம் போனபின் நான் சாரத்தை உதறிக் கம்பில் கட்டி உயர்த்தினேன். வாழைத்தோட்டக்காரன் கொஞ்சம் உப்புத்தண்ணீர் குடிக்கட்டும் என்று நினைத்தேன். குடித்து ஆளே முடிந்துபோனாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன். கஜானன் நீந்தி வந்துவிடுவான், பிறகு முன் இருக்கை காலியாக இருக்கும். கணக்கு அவ்வளவுதான்.

பாதி வழியில் காற்று பிடித்தது. கயாக் நின்றது. கஜானன் துடுப்பைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலும் அவன் என்னைத்தான் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. துணியைத் தாழ்த்தியிருந்தால் காற்றோடு திரும்பித் திட்டுக்குப் போயிருப்பான். நான் கம்பை இன்னும் உயர்த்தினேன்.

கவிழ்ந்தபோது தீபனை ஜாக்கெட் மிதக்கவைத்தது. கஜானன் சிறகுவலைக் கம்புகளுக்குள் போய் வலையில் கால் சிக்கி, மேலே வரவேயில்லை. நான் தண்ணீருக்குள் இறங்கவில்லை. சாரத்தை அவிழ்த்து மடித்து வைத்தேன். அது மாமி வீட்டுச் சாரம், திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தீபனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"வெளிக்கிட முன்னமே காத்துச் சரியில்லை, வேண்டாம் எண்டு நான் சொன்னனான் அண்ணை. நடுவிலையும் திரும்புவம் எண்டு கத்தினனான். அவன் கேக்கேல்லை. 'கேதீஸ் துணி தூக்கியிருக்கிறான், அவன் எனக்குப் பிழை காட்டமாட்டான்' எண்டிட்டான்."

நான் அவனுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. துணியை உயர்த்தியது நான், கஜானனைக் கொன்றது நான், அதை அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும், ஐயா. பக்கத்தில் இருந்தவன் சொன்னதை அவன் கேட்கவில்லை. கடைசிவரை என் சொல்லைத்தான் கேட்டான்.