மனைவிக்கு வந்த அழைப்புக்கு நான் சொன்ன பதில்

கையிலே மணிக்கூட்டையும் கண்ணிலே கண்டிப்பையும் வைத்துக்கொண்டு இந்த அவையை நடத்தும் தலைவர் இளங்கோ அவர்களே! நோர்வே மண்ணிலே நம் ரொம்சோஸ் தமிழ் மன்றத்தைத் தோளிலே சுமந்து வளர்த்து, இன்று முழங்கால் நோவோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விடியற்காலையில் எழுந்து இடியப்பம் அவித்து, அந்தக் களைப்பு ஆறுமுன்னே என் பேச்சையும் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையைக் கைப்பற்றி, கைப்பேசியிலே கண் பதித்திருக்கும் காளையரே, கன்னியரே! என் பேச்சுக்குக் குறுக்கே பேசுவதற்கென்றே அம்மருட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் என் நண்பர் யோகராசா அவர்களே! இரண்டாம் வரிசையில் இருந்து, இந்த மனுசன் என்னத்தைச் சொல்லப் போகுதோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி தங்கேஸ்வரி அம்மையாரே! உங்கள் அனைவருக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவின் பணிவான வணக்கம்.

பொதுக்கூட்டத்தின் முதற்பாதி முடிந்துவிட்டது. புதிய நிர்வாகத்தைத் தெரிவு செய்யும் நேரம் நெருங்குகிறது. தலைவர் பதவிக்கு அடியேனும் பெயர் கொடுத்திருக்கிறேன் என்பது நீங்கள் அறிந்ததே. வாக்களிப்புக்கு முன் பத்து நிமிடம் சபையைச் சிரிக்க வைக்கும்படி இளங்கோ கேட்டார். சிரிக்க வைப்பதென்றால் யாரையாவது பழிக்க வேண்டும். பிறரைப் பழித்தால் வாக்குக் குறையும். ஆகவே இன்று என்னையே பழிக்கத் துணிந்து வந்திருக்கிறேன்.

அன்பார்ந்தவர்களே, நாங்கள் கோவிலுக்குப் போவோம், கலியாண வீட்டுக்குப் போவோம், செத்தவீட்டுக்குப் போவோம். பப்புக்குப் போவோமா? ‘நான் போவேன்’ என்கிறார் யோகராசா. நீங்கள் போவது ஊருக்கே தெரியும், இருங்கள். நான் குடும்பத்தோடு போவதைக் கேட்கிறேன். மனைவிக்கு அறுபது வயது நிறைந்த நாளிலே, பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டு, மூன்று மணிநேரம் காரிலே வடக்கே போய், மலையடிவாரத்து பப் ஒன்றிலே மதியச் சாப்பாடு சாப்பிட்ட தமிழர் உங்களில் எத்தனை பேர்? நான் சாப்பிட்டேன். ஒப்பற்ற ஒரு நாள் அது. ஒரு சொல்லாலே நான் ஒழுங்காகக் குழப்பிய நாளும் அதுவே.

அந்த பப் யாருடையது? ஆர்ன்ஃபின் ஹெக்லியுடையது. இளையவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒரு காலத்திலே பனிச்சறுக்கு ஓட்டத்தில் தங்கமாக வென்று குவித்த மனிதர். ஓய்வு பெற்றபின் ஊருக்குப் போய், பாட்டனாருடைய பண்ணைவீட்டை பப் ஆக்கிவிட்டார். கோடை வந்தால் ஜெர்மன்காரர் வருகிறார்கள், ஒல்லாந்துக்காரர் வருகிறார்கள், வீட்டையே வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் மலையைப் பார்க்க வருகிறார்கள், மீதிப்பேர் இந்த மனிதரைப் பார்க்க வருகிறார்கள்.

என் மனைவி இரண்டாவது வகை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கறி அடிப்பிடிப்பது ஏன் தெரியுமா? தொலைக்காட்சியிலே பனிச்சறுக்கு. அதிலும் இந்த ஹெக்லி ஓடுகிற காலத்தில், வீட்டிலே இடி விழுந்தாலும் தங்கேஸ்வரி எழும்ப மாட்டார். ‘உங்கடை ஆள் வந்திட்டார்’ என்று நானும் பகிடி பண்ணுவேன். முப்பத்துநான்கு வருடம் பகிடி பண்ணினேனே தவிர, ஏன் அந்த மனிதர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இதைச் சிரிக்காமல் கேளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் மகள் யதுர்ஷா, தாயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, ஐந்து மாதம் முன்பே அங்கே மேசை பதிவு செய்துவிட்டாள். அந்த பப்பிலே ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிகிற நேரம் ஹெக்லி வெளியே வருவார். மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். யாராவது ஒரு விருந்தினரைத் தன்னுடைய மேசைக்கு வாஃபிள் சாப்பிட அழைப்பார். அந்த அழைப்பு அம்மாவுக்கு வரவேண்டும் என்பதுதான் மகளுடைய ஆசை. பிறந்தநாள் என்று கடிதமும் எழுதியிருந்தாள். தாய்க்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லியிருக்கலாம்.

உள்ளே போனோம். மரச்சுவர் எங்கும் பழைய சறுக்குப் பலகைகள், கிண்ணங்கள், படங்கள். எங்களுக்கு ஆற்றுமீன் வந்தது. பக்கத்து மேசைக்குக் கலைமான் இறைச்சி, அதற்குமேலே பழ ஜாம். இறைச்சிக்கு ஜாம் வைக்கிற நாட்டிலே நாற்பது வருடம் வாழ்ந்தும் என் நாக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, சபையோரே. சட்டைப் பைக்குள் இருந்த மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தேன். மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மறுபடி உள்ளே வைத்தேன்.

அப்போது வந்தார் ஹெக்லி. ஆறடி உயரம், நரைத்த தாடி, இடுப்பிலே சமையல் அங்கி. நேரே எங்கள் மேசைக்கு வந்தார். என் மனைவியைப் பார்த்தார். ‘பிறந்தநாள் வாழ்த்துகள், என்னுடைய மேசைக்கு வந்து வாஃபிள் சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டார். தங்கேஸ்வரிக்கு முகமெல்லாம் வெளிச்சம். வாய் திறக்கிறார். அதற்குள்ளே, அருமைப் பெரியோர்களே, இந்த வாய் முந்திவிட்டது. ‘நேய் தக்’ என்றேன். வேண்டாம், நன்றி.

ஏன் சொன்னேன்? நீங்களே சொல்லுங்கள், ஏன் சொன்னேன்? நம் வழக்கம் அதுதானே. சாப்பிடச் சொன்னால் முதல்முறை ‘வேண்டாம்’ என்போம். இரண்டாம்முறை ‘இப்பதான் சாப்பிட்டனாங்கள்’ என்போம். மூன்றாம்முறை கையைப் பிடித்து இழுப்பார்கள், போய் இருந்து இரண்டுதரம் சோறு போட்டுச் சாப்பிடுவோம். கேட்டவுடன் ‘ஓம்’ என்றால் காய்ந்துபோய் வந்தவன் என்று நினைப்பார்களே என்கிற மானம். ஆனால் நோர்வேக்காரனுக்கு ஒரு வேண்டாம் போதும். மறுத்த மனிதரை மறுபடி வற்புறுத்துவது அவனுக்கு மரியாதைக் குறைவு. ஹெக்லி தலையசைத்தார், புன்னகைத்தார், போய்விட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி நான்.

‘பொறுங்கோ, அவர் திரும்பக் கேப்பார்’ என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“அப்பா, அவர் அம்மாவைத்தானே கேட்டவர்.”

திரும்பக் கேட்டாரா? கேட்கவில்லை. அடுத்த மேசைக்குப் போனார். ஒரு ஜெர்மன் தம்பதி. கேட்ட மாத்திரத்தில் எழும்பிவிட்டார்கள். மானமே இல்லாத ஆட்கள் என்று மனதுக்குள் திட்டினேன். அவர்கள் வாஃபிளுக்கு மேலே பாலாடை வைத்துச் சாப்பிடுகிறார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் இருமிப் பார்த்தேன். எழும்பிப் போய் அவருடைய மேசைக்கு அருகே தொங்கிய படங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். தேவையே இல்லாமல் மூன்றுமுறை கழிப்பறைக்குப் போய்வந்தேன். அந்த மனிதர் என்னுடைய உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பாரே ஒழிய, அழைக்கவில்லை. தங்கேஸ்வரி ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கைதுடைக்கும் துணியை எட்டாக மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கே நெஞ்சு பொறுக்கவில்லை.

புறப்பட எழுந்தோம். ஜெர்மன்காரரும் எழும்பிப் போய்விட்டார்கள். தங்கேஸ்வரி குளிர்ச்சட்டையைப் போட்டார், கைப்பையை என்னிடம் தந்தார். காருக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்பினார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே அந்த மனிதரின் மேசைக்கு நடந்தார். கைப்பையோடு நான் பின்னால் ஓடினேன். அவர் நொஸ்க் மொழியிலே கதைத்தார், நான் நம் தமிழிலே தருகிறேன்.

“நீங்கள் என்னட்டைக் கேட்டதுக்கு இவர் பதில் சொல்லிப்போட்டார். என்ரை பதில், யா தக்.”

ஓம், நன்றி. ஹெக்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அதன்பிறகு என் மனைவி சொன்ன கதையை, சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

எங்கள் கலியாணத்துக்கு முந்திய காலம். வடக்கே, கடலும் உறைகிற ஊரிலே, மீன் தொழிற்சாலை. இருபத்துநான்கு வயதுப் பெண், தனியாக, நாள் முழுவதும் மீன் வெட்டுகிற வேலை. விரல் விறைத்துவிடும். இரண்டு மாதம் சூரியனே இல்லை. இனி முடியாது என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார். லண்டனில் இருக்கும் தமையனிடம் போக ஆயத்தம். அன்றைய இடைவேளையில் தொழிற்சாலைத் தொலைக்காட்சியில் ஐம்பது கிலோமீற்றர் ஓட்டம். ஹெக்லி வெல்லுவார் என்று எல்லோரும் கூடி நிற்கிறார்கள். பாதிவழியில் விழுந்தார், சறுக்குத் தடி ஒன்று முறிந்தது. ஒவ்வொருவராகத் தொலைக்காட்சியை விட்டுப் போய்விட்டார்கள். என் மனைவி மட்டும் நின்றார். அந்த மனிதர் எழும்பினார். ஒற்றைத் தடியோடு, எல்லோரும் முந்திப் போக, நாற்பத்தோராவது ஆளாக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டினார்.

“நீங்கள் விட்டிட்டுப் போவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் போகேல்லை. அதுக்குப் பிறகு நானும் போகேல்லை.”

தங்கம் வென்றவர் தலை குனிந்து இருந்தார். பிறகு சொன்னார், இத்தனை வருடமாக எல்லோரும் பதக்கங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அந்த நாளைப் பற்றித் தானும் பேசுவதில்லை, அவர்களும் கேட்பதில்லை என்று. வெட்கத்தால் புதைத்து வைத்த ஓட்டமாம். அதைப் பார்த்து ஒருத்தி ஒரு நாட்டிலே தங்கினாள் என்று அறிந்தபோது அந்தப் பெரிய மனிதர் கண்ணைத் துடைத்தார். தன் கையாலேயே வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். எனக்கும் ஒன்று வைத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காருக்குள்ளே கேட்டேன், “இவ்வளவு பெரிய கதையை ஏனப்பா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?”

கைதட்டுகிறீர்கள். தாய்மார்கள் பக்கம்தான் கைதட்டல் பலமாக இருக்கிறது. தட்டுங்கள், எனக்கு வேண்டும். அந்த மூன்று மணிநேரப் பயணத்தில் நான் என் வாழ்நாளையே திரும்பிப் பார்த்தேன். மருத்துவர் தங்கேஸ்வரியிடம் எங்கே நோகிறது என்று கேட்டார், பதில் சொன்னது யார்? நான். வேலைத்தலத்திலிருந்து, மேற்படிப்புப் படிக்கிறீர்களா என்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள், பிள்ளை சின்னன் என்று சொன்னது யார்? நான். கார் ஓட்டப் பழகுங்கள் என்று தோழி அழைத்தார், இந்தப் பனிக்குள்ளே தேவையில்லை என்று சொன்னது யார்? நான், நான், நானேதான். கெட்ட எண்ணத்தாலா? இல்லை. அவருக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்ற அன்பால். அன்பாலே அடைத்த கதவும் அடைத்த கதவுதானே, அன்பர்களே?

இப்படியெல்லாம் உணர்ந்தவன் திருந்திவிட்டானா? அதுதான் வெட்கக்கேடு. இன்று காலை, இதே மண்டபத்திலே, கஜேந்தினி தங்கச்சி எழுந்து, உபதலைவர் பதவிக்குத் தங்கேஸ்வரியின் பெயரை முன்மொழிந்தார். நீங்கள் எல்லோரும் சாட்சி. ‘அவவுக்கு நேரமில்லை’ என்று குரல் கொடுத்தது யார்? இந்தப் பாவிதான். இளங்கோவும் பெயரை வெட்டிவிட்டார். வெட்டியது உங்கள் பிழையல்ல, ஐயா. அந்தச் சொல்லை இந்தச் சபையின் முன்னிலையில் திரும்பப் பெறுகிறேன். வெட்டிய பெயரை மறுபடி எழுதுங்கள். எழுதுமுன் அவரிடம் கேளுங்கள். யதுர்ஷா, இந்த ஒலிவாங்கியைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடு. நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கேட்டீர்களா? பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், என்னுடையது ஒரு சொல்லும் இல்லை.

“ஓம், செய்யிறன். ஆனா உபதலைவர் இல்லை. தலைவர்.”

கரவொலி அடங்கட்டும். எழுதுங்கள், இளங்கோ. தலைவர் பதவிக்கு இன்று இரண்டு பெயர், இரண்டும் ஒரே வீட்டு முகவரி. நான் விலகுவேனா என்று யோகராசா கேட்கிறார். விலகினால் தங்கேஸ்வரி போட்டியில்லாமல் வந்தவர் என்று நாளைக்கு நீங்களே சொல்லுவீர்கள். விலகமாட்டேன். அவர் என்னைத் தோற்கடித்தே தலைவராகட்டும். என் வாக்கு யாருக்கு என்பதை மட்டும் நான் சொல்லலாம், அது எனக்குரிய பதில். என் வாக்கு தங்கேஸ்வரிக்கு.

பத்து நிமிடத்தைப் பதினேழாக்கிய பிழையைப் பொறுத்த அவைத்தலைவருக்கும், சிரித்தும் முறைத்தும் கேட்ட சபைக்கும், என் வீட்டுக் கதையைச் சொல்லவிட்ட என் வீட்டாருக்கும் நன்றி கூறி, வாக்குச்சீட்டை வாங்க வரிசைக்கு வருகிறேன். வணக்கம்.