வெங்கடம்மாவுக்குப் போட்ட ஊசி

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். உடம்பு விஷயத்தில் நான் ரொம்பக் கவனம்.

ஓசூரில் ஒரு கால்நடை மருந்து கம்பெனிக்கு ஐஸ்பெட்டி வண்டி ஓட்டி ரிட்டையரானவன் நான். ஊர் ஊராகக் கோழி மருந்து இறக்குவேன். அதைவிடக் கூடுதலாகக் கதை இறக்குவேன். சானமாவுக் காட்டில் ஒரு யானை வண்டியை மறித்து, பெட்டிக்குள் தும்பிக்கையை விட்டு, ஜலதோஷம் பிடித்துத் தும்மியது என்பேன். எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு வெங்கடம்மா மட்டும் புகையிலை அடக்கிய வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, "அப்புறம் யானைக்கு யாருண்ணா கசாயம் வெச்சுக் குடுத்தது?" என்பாள். அப்படி ஓர் ஆள் கிடைத்தால் எந்தப் புளுகன் விடுவான்?

அந்த வாயில்தான் புற்று வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகள் முனிலட்சுமி அங்கே ஆஸ்பத்திரியில் காட்டினாள். ஆரம்பம்தான், தாடையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதற்கப்புறம் மகளோடு அங்கேயே தங்கிவிடுவதாகப் பேச்சு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

கம்பெனி ஆபீசர்கள் வண்டியில் வரும்போது, டிஎன்ஏ தடுப்பூசி என்று ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். வெளிநாட்டில் நாய்க்கு வாயில் வரும் புற்றுக்குப் போட்டுப் பார்க்கிறார்களாம். பாதி காதில் விழுந்தது. மீதியை நானே செய்துகொண்டேன்.

"திருடனோட அங்க அடையாளத்தை எழுதி உள்ள அனுப்பறது, வெங்கடம்மா. உடம்பே அவன் படத்தை வரைஞ்சு ஒட்டிக்கும். உள்ள இருக்கற போலீசு பாத்துப் புடிச்சுரும்."

உங்கள் டிபார்ட்மெண்டை உயர்வாகத்தான் சொன்னேன் சார்.

"அப்ப கத்தி வேணாமாண்ணா?"

"நாய்க்கே வேணாங்கறான். உனக்கு எதுக்கு?"

நம் பக்கம் மாத்திரை கொடுப்பவனுக்கு மரியாதை கிடையாது. ஊசி போட்டால் டாக்டர். அதையும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டால் பெரிய டாக்டர். கோழி மருந்து கலக்கத் தரும் வெறும் தண்ணீர் பாட்டில்கள் என்னிடம் மிச்சம் இருந்தன. வாராவாரம் சில்லென்று ஏற்றினேன். ஊசியைக் கொதிக்க வைக்கச் சோம்பல். அவள் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. போலீஸ் கிளம்பிவிட்டது என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஆபரேஷனுக்கு அழைத்துப்போக மகள் கார் கொண்டுவந்த அன்று, வெங்கடம்மாவை என் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, சாமல்பட்டிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று வாசலில் நின்று சொன்னேன். என் கதைகளில் முனிலட்சுமி நம்பியது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் மகள் கூப்பிட்டபோதெல்லாம், கத்தி வேண்டாம் என்று வெங்கடம்மாவே மறுத்துவிட்டாள். பிறகு கட்டி கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. திருடன் வாசலுக்கு வந்துவிட்டான், ஓடப்போகிறான் என்றேன். அதற்கும் கதை இருந்தது.

வெறும் தண்ணீர் என்று தெரிந்துதான் போட்டாயா என்கிறீர்கள். தெரிந்துதான் போட்டேன். தாடை போனால் சிரிப்பு போகும். பெங்களூர் போனால் ஆளே போய்விடும். வேறு காரணம் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவளுக்கு என்மேல் வருத்தம் என்று மகள் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள் சார். படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி மாதம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த யானைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவள் நடுவில் எழுந்து போகவில்லை.