மணி அடிச்சதும் எடுத்து வெளிய வை

தெர்மாமீட்டர் முள்ளு நகரவே மாட்டேங்குது மேடம்! நூத்திப் பதினெட்டு. அரை மணி முன்னாடி பார்த்தேன், நூத்திப் பதினாறு. வான்கோழித் தொடையில குத்தினா நூத்தி அறுபத்தஞ்சு காட்டணும்னு நீங்கதானே அது வந்த பை மேல அச்சடிச்சிருக்கீங்க? இந்த லட்சணத்துல போனா வான்கோழி வெந்து முடியறதுக்குள்ள கிறிஸ்துமஸே வந்துடும். இதுக்கு ஒரு உதவி நம்பர் வேற! இருபது நிமிஷம் பாட்டுப் போட்டே என்னைக் கொன்னுட்டீங்க... ஆங்? ஐயோ, உங்களச் சொல்லல. உங்க குரலைக் கேட்டா நல்லவங்க மாதிரிதான் தெரியுது. பேரென்ன? கோரினுங்களா? நான் வென்டெல். விஸ்கான்சின்லேருந்து பேசறேன். வெளிய பனி கொட்டுது, உள்ள நான் கொதிக்கறேன், இந்த வான்கோழி மட்டும்தான் ஜில்லுனு உக்காந்திருக்கு.

ஒரு நிமிஷம் இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன். கை ரெண்டும் வெண்ணெய். ரொட்டி டப்பா மேல சாய்ச்சு வெச்சுட்டேன். கேக்குதா? எனக்கு நல்லா கேக்குது. தெருவுக்கே கேக்கும், பரவால்ல.

எடையா? பதினெட்டு பவுண்டு. ஒன்பது மணிக்கு உள்ள வெச்சேன். இப்ப மணி பன்னெண்டே முக்கால். மூணு மணிக்கு தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு பதினோரு பேர் வராங்க. உள்ள உறைஞ்சிருக்கான்னு மட்டும் கேக்காதீங்க! ஞாயித்துக்கிழமையே ஃப்ரீசர்லேருந்து எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சாச்சு. நாலு நாள் மேடம், நாலு நாள்! வீட்டுக்குப் புதுசா வந்த மாப்பிள்ளை மாதிரி மொத்த ஃப்ரிட்ஜையும் அதுவே எடுத்துக்கிச்சு. பாலும் முட்டையும் கராஜ்ல கிடக்கு. ஈரல், கழுத்து எல்லாம் ஒரு காகிதப் பையில போட்டு வயித்துக்குள்ள ஒளிச்சு வெக்கறீங்களே, அதையும் மறக்காம எடுத்துட்டேன். எனக்கு அறுபத்தோரு வயசு. இதுவரைக்கும் ஒரு முட்டை அவிச்சதில்ல. ஆனா உங்க பையில இருக்கறதைப் பைபிள் மாதிரி வரி விடாம படிச்சிருக்கேன்.

கதவா? எந்தக் கதவு? ஓ... ஓவன் கதவு. அது... அப்பப்ப திறப்பேன். எல்லாரும் திறக்கறதுதானே. அதை விடுங்க.

பிரச்சினை ஓவன்தான், நான் சொல்றேன் பாருங்க. பதினஞ்சு வருஷத்து ஓவன். என் பொண்டாட்டி டெல்மாகிட்ட புதுசு வாங்கலாம்னு சொன்னா, நீ என்னிக்கு சமைச்ச, ஓவனைக் குறை சொல்றேங்கறா. இன்னிக்குக் கிச்சன் பக்கமே வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டா. கைத்துணிய மடிச்சு மடிச்சு மேஜையில வெச்சுட்டு இருக்கா. மத்ததெல்லாம் நான்தான். உருளைக்கிழங்கு பத்து பவுண்டு உரிச்சேன், அதுல பாதி தோலோடயே போயிடுச்சு. ரொட்டியத் துண்டு போட்டு, செலரி, வெங்காயம் வதக்கி, தனியா தட்டுல ஸ்டஃபிங். பீன்ஸ்ல காளான் சூப்பை ஊத்தி மேல பொரிச்ச வெங்காயம் தூவணுமா, அந்த வெங்காயத்துல பாதிய நின்னுக்கிட்டே தின்னுட்டேன். பயத்துல தின்னது மேடம், பசியில இல்ல. க்ரான்பெரி ஜெல்லி மட்டும் டின்லேருந்து வழுக்கி வந்து டின் மாதிரியே தட்டுல நிக்குது, வளையம் வளையமா. இன்னிக்கு என் பேச்சைக் கேட்ட ஒரே ஐட்டம் அதுதான்.

சக்கரவள்ளிக்கிழங்கு நான் பண்ணல. அது என் அக்கா கொண்டு வரா. மேல மார்ஷ்மெல்லோ உருகி ஓடற மாதிரி பண்ணுவா, அடடா... கொண்டு வருவான்னு நினைக்கறேன். வரேன்னு டெல்மாகிட்டதான் சொன்னா. என்கிட்ட சொல்லல. என்கிட்ட பேசியே ஒரு வருஷம் ஆச்சு.

ஆமா மேடம். ஒரு வருஷம். ரெண்டு தெரு தள்ளிதான் வீடு. பேரு லவான். கூடப் பொறந்தவ ஒருத்திதான் எனக்கு. மார்ச் மாசம் என் பொறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினா, உள்ள அவ பேர் மட்டும் இருந்தது. 'அன்புடன்' கூட இல்ல! கடையில எதிர்ல பார்த்தா சீஸ் வரிசைல புகுந்துடறா. அவளுக்குச் சீஸே ஒத்துக்காது.

இருபத்தி மூணு வருஷமா தேங்க்ஸ்கிவிங் விருந்து அவ வீட்லதான். போன வருஷம் சாப்பாட்டு மேஜையில நான் ஒண்ணு சொல்லிட்டேன். வான்கோழி கொஞ்சம் வறட்டுனு இருக்கே லவான்னேன். அவ்வளவுதான். பதினோரு பேர் முன்னாடி ஏப்ரனை அவுத்து என் மடியில போட்டா. அடுத்த வருஷம் நீயே பண்ணு, எவ்வளவு சாறு சொட்டுதுன்னு நானும் பார்க்கறேன்னா. இதோ, அதே ஏப்ரனைத்தான் கட்டியிருக்கேன். நெஞ்சு மேல பூசணிக்கா படம் போட்டது. எனக்கு ரொம்ப டைட்டா இருக்கு.

அதனால இது வெறும் சாப்பாடு இல்ல மேடம். இன்னிக்கு இது நல்லா வந்துச்சுன்னா அவ ஒரு வாய் சாப்பிட்டு, சரி பரவால்லடான்னு ஒரு வார்த்தை சொல்லுவா. அந்த 'டா' போதும் எனக்கு. இல்லன்னா அவ பாட்டுக்கு வந்து, கிழங்குத் தட்டை வெச்சுட்டு, ஊமை மாதிரி தின்னுட்டுப் போயிடுவா.

மறுபடியும் கதவா? விடமாட்டீங்களே! சரி, சொல்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. அடியில நிக்கற சாறையும் வெண்ணெயையும் கரண்டியால மொண்டு மொண்டு மேல ஊத்தறேன். காய்ஞ்சு போயிடக் கூடாதில்ல? ஒன்பதுலேருந்து... என்ன, கணக்குப் போடறீங்களா? இருபத்திரெண்டு தடவையா! ஒவ்வொரு தடவையும் சூடு வெளிய போயிடுமா? அப்ப நான் காலைலேருந்து வான்கோழிய வேக வெக்கல, கிச்சனைத்தான் வேக வெச்சிருக்கேனா? அட கடவுளே. ஊத்தற சாறு தோலோட சரியா? உள்ளயே போகாதா? இதை ஏன் மேடம் பை மேல கொட்டை எழுத்துல போடல?

...போட்டிருக்கா? எங்க? ஓ. விலைச் சீட்டு ஒட்டியிருக்கு அது மேல.

சரி சரி, மூடிட்டேன். முன்னூத்தி ஐம்பதுல வெச்சாச்சு. ஒண்ணேகால் மணி நேரம் டைமர். திறக்கக் கூடாது. அப்புறம் எடுத்து அரை மணி அப்படியே விடணும், அப்பதான் சாறு உள்ள தங்கும். மூணுக்கு வந்துடும்ங்கறீங்க. நிஜமாவா? உங்க வாய்க்குச் சக்கரை போடணும்! சக்கரை என்ன, பூசணிக்கா இனிப்பே பண்ணி அனுப்பறேன்.

இல்ல, போனை வெச்சிடாதீங்க. பின் கதவு சாத்தற சத்தம்... டெல்மா, குப்பை போட்டுட்டு வரா போல. இருங்க. என்ன, ஏன் அப்படிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பயந்தீங்கன்னு கேக்கறீங்களா? சிரிச்சுட்டு விடலாம்னு பார்த்தேன். ஆனா... உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு உங்களத் தெரியாது. ஒருத்தர்கிட்டயாவது சொல்லித் தொலைக்கறேன்.

போன வருஷம் வான்கோழி காய்ஞ்சதுக்குக் காரணம் லவான் இல்ல. நான்தான்.

பூசணிக்கா இனிப்பு மேல போட க்ரீம் தீர்ந்து போச்சுன்னு அவ காரை எடுத்துட்டுப் போனா. அன்னிக்குக் கடையெல்லாம் மூடியிருக்குமே, பெட்ரோல் பங்க்ல கிடைக்குமான்னு பார்க்க. போறப்ப என்கிட்ட ஒரே ஒரு வேலைதான் சொன்னா. மணி அடிச்சதும் எடுத்து வெளிய வைன்னா. ஒரே வேலை மேடம்! ரெண்டரைக்கு மணி அடிச்சுது. அடிச்சுது, நான் போய் அமுக்கி நிறுத்திட்டு, ரெண்டே நிமிஷம்னு டிவி முன்னாடி உக்காந்தேன். மேட்ச் கடைசி ரெண்டு நிமிஷம். நம்ம ஊர் ஃபுட்பால்ல ரெண்டு நிமிஷம்னா, கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி அரை மணி ஓட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அது சமமாகி, ஓவர்டைம் போயி... ஒரு மணி நேரம். அவ கார் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் எடுத்து, ஃபாயில் பேப்பரைப் போட்டு மூடி, ஒண்ணும் தெரியாத பிள்ளையாட்டம் நின்னேன்.

மேஜையில எல்லாரும் மென்னுக்கிட்டே இருக்காங்க. முழுங்கவே இல்ல. கிரேவிப் பாத்திரம் ரயில் மாதிரி சுத்துது. யாராவது நேரத்தைப் பத்திப் பேச்செடுத்துடுவாங்களோன்னு எனக்கு ஒரே பயம். அதான் முந்திக்கிட்டு நானே அவ தலையில போட்டேன். வறட்டுனு இருக்கே லவான்னு... ச்சே. காலைலேருந்து சமைச்சவ முகம் அப்படியே விழுந்துச்சு. இருபத்தி மூணு வருஷத்துல ஒரு தடவை கூட அவ வான்கோழி காய்ஞ்சதில்ல. அதை அன்னிக்கு நான் சொல்லியிருக்கலாம். மறுநாள் போய் சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக எப்படிப் போய் சொல்றதுன்னே தெரியல. இப்ப இந்தச் சனியன் சாறா வந்துட்டா அது தானா சரியாயிடும்னு நினைச்சேன். முட்டாள்.

என்ன மேடம்? என்ன சொல்றீங்க? யாரோ மூக்கு உறிஞ்சற சத்தம் கேக்குதா? என் பக்கத்துலேருந்தா? நான் உறிஞ்சலையே...

...

லவான்.

எவ்வளவு நேரமா நிக்கறே? கிழங்குத் தட்டு சூடா இருக்குமே, கீழ வை, கை சுடப் போகுது... டெல்மான்னு நினைச்சேன். நான்... லவான், நான் வந்து... என்ன? என்ன சொன்னே?

மேடம், கேட்டீங்களா? தெரியுமாம்! அவளுக்கு அப்பவே தெரியுமாம்! கார் ரேடியோல அவளும் அதே மேட்சைக் கேட்டுட்டுத்தான் வந்தாளாம். ஓவர்டைம் போச்சுன்னதும், அடப்பாவி, வான்கோழி போச்சேன்னு ஸ்டியரிங்கைக் குத்தினாளாம். அப்ப ஏன்டி ஒரு வருஷமா... ஆங்? நானே வாயால சொல்றேனான்னு பார்த்தியா? சீஸ் வரிசைல நின்னு பார்த்தியா? எனக்குத்தான் சொல்ல வரலையே லவான். மன்னிச்சுடு. நிஜமா சொல்றேன், மன்னிச்சுடு.

அழாத. நான் அழலை, வெங்காயம். பொரிச்ச வெங்காயம்தான், இருந்தாலும் வெங்காயம்தானே... ஐயோ அவுக்கறேன், அவுக்கறேன், இழுக்காத, முடிச்சு இறுகிடுச்சு. இந்தா உன் ஏப்ரன். என்ன? "தள்ளுடா தடியா"ன்னாளே! மேடம், 'டா' போட்டுட்டா! வான்கோழி இன்னும் வேகக்கூட இல்ல!

ஏய், கதவைத் திறக்காத! இருபத்திரெண்டு தடவை ஆயிடுச்சு, இந்த மேடம் திட்டுவாங்க... போனை எதுக்கு எடுக்கறே? அவங்க என்கிட்ட பேசிட்டு இருக்காங்க லவான். பாருங்க மேடம், வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, என்னை உருளைக்கிழங்கு மசிக்க அனுப்பிட்டு உங்ககிட்ட ஸ்டஃபிங் பத்திக் கேக்கப் போறாளாம். டைமரை என் கழுத்துல மாட்டிவிட்டா, நாய்க்கு மணி கட்டற மாதிரி. சரிம்மா தாயே, மணி அடிச்சதும் எடுத்து வெளிய வெக்கறேன். சத்தியமா. இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். டிவிய நான் காலைலேருந்து திரும்பிக்கூடப் பார்க்கல, டெல்மாவ வேணா கேளு.

இதோ குடுக்கறேன், ஒரு செகண்ட்... கோரின் மேடம், மெதுவா சொல்லுங்க, அவளுக்குக் கேக்க வேணாம். இப்ப ஸ்கோர் என்ன?... அடிக்காத! அடிக்காதடி! கரண்டியக் கீழ வை லவான்!