செகரட்டரி சார்

எங்கள் சேவைச் சங்கத்தில் கூட்டம் தொடங்க மணி அடிப்பவர் தலைவர். அந்த மணியைத் துடைத்து மேசைமேல் வைப்பவன் நான். பத்தொன்பது வருடங்களாக வைக்கிறேன். தலைவர் வருடத்துக்கு ஒருவர் மாறுவார். செயலாளரை யாரும் மாற்றுவதில்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் காரணம். உறுப்பினர்கள் என்னை 'ரிஜிஸ்டர்' என்று கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால்தான். நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு வந்திருக்கும் உங்கள் மூவரிடமும் பதிவேடுகளை நேற்றே ஒப்படைத்தேன். எல்லாம் கச்சிதமாக இருப்பதாகச் சொன்னீர்கள். நன்றி. ஆனால் அவற்றில் ஒரு பிழை இருக்கிறது. பிழையோடு ஒரு பதிவேட்டை மூடி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல் டாக்டரைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தவன் நான்தான். இப்போது அது யாருக்கும் நினைவில்லை. ஆளுக்கொரு புது உறுப்பினரைச் சேர்த்தாக வேண்டும் என்று நீங்கள் சுற்றறிக்கை அனுப்பிய வருடம் அது. என் கடைவாய்ப் பல்லை அவர் குடைந்துகொண்டிருந்தார். வாயில் பஞ்சோடு, சட்டைப் பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாயே பேச முடியாத நேரத்துல கூட ஆள் பிடிக்கறீங்களே சார். இந்த மாதிரி சங்கத்துல சேராம எப்படி இருக்கறது?" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பது வருடங்களில் நான் சேர்த்த உறுப்பினர்கள் நான்கு பேர். அவர் எட்டே மாதங்களில் பதினொரு பேரைக் கூட்டிவந்தார். எல்லாரும் அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். நான் வரிசையாகப் போட்டு வைத்த நாற்காலிகளை அவரைச் சுற்றி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். கூட்டம் முடிந்ததும் அவற்றை மறுபடி வரிசைப்படுத்த வேண்டியவன் நான். வயிறு எரிந்தது. அதை மறைக்கப் போவதில்லை. வயிற்றெரிச்சலோடு நாற்காலி அடுக்குகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது ஒரு குற்றம் இல்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பதினாறு வயதில், இரண்டு விமானம் மாறி வந்தாள். ஒரு வருடம் இங்கே படிப்பாள். நான்கு மாதத்துக்கு ஒரு வீடு என்று மூன்று உறுப்பினர்களின் வீடுகளில் தங்குவாள். முதல் வீடு எங்களுடையது. எங்களுக்குக் குழந்தை இல்லை. பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டாள் என் மனைவி. தங்குகிற வீட்டில் உள்ளவர்களை அப்பா, அம்மா என்று கூப்பிடச் சொல்லுங்கள் என்று உங்கள் கையேட்டில் இருக்கிறது. பத்து நாட்களாக நான் அதைத்தான் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமான நிலையத்தில் அவள் முதுகுப் பையோடு எதிரே வந்து நின்றதும் எனக்கு நாக்கு குழறியது. "நான் சங்கத்தோட செகரட்டரி" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டு, "அம்மா" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் அம்மா. நான் செகரட்டரி சார். காலையில் பல் துலக்கிக்கொண்டே "குட் மார்னிங், செகரட்டரி சார்" என்பாள்.

"நீங்கதானே அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க? இப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டா ஆச்சா? மாத்திக் கூப்பிடுன்னு சொல்லுங்களேன்" என்பாள் மனைவி.

கேட்டு வாங்கினால் அது என்ன அப்பா? தானாக வரட்டும் என்று இருந்தேன். அவள் நம் பேச்சை வேகமாகக் கற்றுக்கொண்டாள். கிண்டல்கூடச் செய்தாள். ஆனால் அந்த ஒரு சொல் வரவில்லை.

அவளுடைய கோப்பில் ஒன்பது தாள்கள். எட்டாவது தாள் மருத்துவத் தாள். அவளுக்கு வலிப்பு நோய் உண்டு. காலையில் ஒரு மாத்திரை தவறாமல் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே தண்ணீரில் இல்லாமல் நீச்சலுக்கு விடக் கூடாது. இதைப் படித்துவிட்டு என் மனைவி அவளைக் குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போட விடமாட்டாள்.

நான்கு மாதம் முடிந்து, பல் டாக்டர் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள், அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"செகரட்டரி சார், அந்த எட்டாம் பேப்பரை அங்க குடுக்காதீங்க. அவங்களும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பாத்துப்பாங்க. நான் நோயாளி இல்ல சார்."

அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் உதவி அது. மறுக்க மனம் வரவில்லை. தாளை உருவி என் பெட்டியில் வைத்தேன். மறுநாள் கோப்பைக் கொடுத்து, "ஒன்பது தாள்கள் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே பேனாவை நீட்டினேன். பல் டாக்டர் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை. "டாக்டர் வீட்டுக்குத்தானே போறா, இனிமே எனக்குப் பயமில்லை" என்றாள் என் மனைவி. நானும் ஆமாம் என்றேன்.

மாத்திரைச் சீட்டு என் பெயரில் இருந்தது. மாதம் ஒரு முறை நான் வாங்கிவந்து, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், பதாகைகள் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் அவளிடம் கொடுப்பேன். அதை ஒரு புதினா மிட்டாய் டப்பாவில் கொட்டிக்கொள்வாள். "இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், இல்ல சார்?" என்று கண்ணடிப்பாள். அந்த அரை நிமிடத்துக்காக நான் மாதம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். காத்திருந்தேன்.

அங்கே போன இரண்டாவது வாரமே அவள் பல் டாக்டரை அப்பா என்று கூப்பிட்டாள். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. "அப்பா, சாவி எங்கிட்டதான் இருக்கு." சாதாரணமாக, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். நான் யாரிடம் கையெழுத்து வாங்கினேன் என்பதை மறந்து, ஒரே ஆளிடம் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். பதிவேட்டில் பார்க்கலாம்.

மூன்றாவது வீட்டு உறுப்பினருக்கு வேலை மாற்றம் வந்தது. மிச்ச நாட்களுக்கு அவள் எங்கள் வீட்டுக்கே வரட்டும் என்று நான் கேட்டேன். யார் வீட்டில் இருக்க விருப்பம் என்று அவளையே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சங்கத்துக்கு வரும் உறைகளைப் பிரிப்பது செயலாளரின் வேலை. பிரித்தேன். ஒரே வரிதான். 'அப்பா வீட்டிலேயே இருக்கிறேன்.' அதைக் கூட்டத்தில் நான்தான் எழுந்து நின்று வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வரியை நான் கூட்டக் குறிப்பில் என் கையால் எழுதினேன். அன்று வீட்டுக்கு வந்து பின்கட்டு அறையின் திரையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில்தான் அந்தத் தீர்மானம். 'சிறுவர்களுக்கான நீச்சல் மற்றும் நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி. பொறுப்பாளர்: பல் டாக்டர். உதவியாளர்: பரிமாற்ற மாணவி.' முன்மொழிந்தவன் நான். பத்தொன்பது வருடங்களில் நான் முன்மொழிந்த ஒரே திட்டம் அதுதான். எல்லாரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். "நம்ம ரிஜிஸ்டருக்குள்ள இப்படி ஒரு ஐடியாவா" என்று யாரோ என் காதுபடவே சொன்னார். அவள் நன்றாக நீந்துவாள். எங்கள் வீட்டில் இருந்தவரை அவளுக்குக் குளத்துப் பக்கம் போக வாய்ப்புக் கிடைக்கவில்லை. தீர்மானத்தை வாசித்ததும் என்னைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினாள். நான் அவளுக்கு ஒரு நல்லது செய்ததாகவே நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் எழுதத் தயார்.

ஆறு சனிக்கிழமைகள் ஒரு குறையும் இல்லாமல் நடந்தன. ஏழாவது வாரச் செவ்வாய்க்கிழமை மாத்திரை தர வேண்டிய நாள். அலமாரிக்குப் பின்னால் நின்றேன். அவள் வரவில்லை. பல் டாக்டர் குடும்பத்தோடு மலைக்குச் சுற்றுலா போய்விட்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வெள்ளிக்கிழமை திரும்பிவந்தார்கள். அந்த வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம். போய்க் கொடுத்திருக்கலாம். தேவையென்றால் தேடி வரட்டும் என்று இருந்துவிட்டேன். அப்பா வீட்டில் இருக்கிறவளுக்குச் செகரட்டரி எதற்கு?

சனிக்கிழமை காலை நீச்சல் குளத்தில் நாற்பத்தொரு சிறுவர்கள். நான் வழக்கம்போல வருகை எடுத்தேன். அவள் ஈரக் காலோடு என்னிடம் வந்தாள்.

"செகரட்டரி சார், டேப்லட் தீர்ந்து நாலு நாள் ஆச்சு. கொண்டு வந்திருக்கீங்களா?"

பொட்டலம் என் சட்டைப் பையில் இருந்தது. குனிந்தால் நெஞ்சில் குத்தும்.

"மறந்துட்டேன்மா. செவ்வாய்க்கிழமை தர்றேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இன்னைக்கு நான் தண்ணில இறங்கலாமா?"

அவள் அதை என்னிடம்தான் கேட்டாள். கேட்பதற்கு விஷயம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. "உன் இஷ்டம்மா. நீதான் நோயாளி இல்லையே" என்றேன். அவள் சிரித்தாள். அவளுடைய வார்த்தையையே நான் ஞாபகம் வைத்திருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

குளத்தின் நீச்சல் பயிற்சியாளர் ஆழமில்லாத பக்கம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தார். அவள் ஆழமான பக்கத்தில் குதித்தாள். மூச்சடக்கி அடியில் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எண்ணினார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி நாற்பத்திரண்டு. பிள்ளைகள் ஐம்பது வரை எண்ணிவிட்டுக் களைத்து நிறுத்தினார்கள். அது விளையாட்டு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அங்கே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். கூப்பிடு தூரத்தில் பல் டாக்டர் ஒரு பையனுக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. பத்து நாற்பத்துநான்குக்கு அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் செருப்போடு குதித்தார்.

மற்றவை உங்கள் கோப்பில் இருக்கின்றன. அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்பது தாள்கள் என்ற வரிக்குக் கீழே இருக்கும் கையெழுத்தைக் காட்டியபோது, "இது என் கையெழுத்துதான். படிக்காம விட்டிருக்கேன். என் தப்புதான்" என்றார் பல் டாக்டர். சிகிச்சையகத்தைப் பூட்டிவிட்டார். என் மனைவி அவர் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே முடிந்திருக்கும்.

போன வாரம் அவளைப் பெற்றவர்களிடமிருந்து கடிதம் வந்தது. உறையைப் பிரித்தேன். பல் டாக்டரை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். 'எங்கள் மகளுக்கு அங்கே ஒரு அப்பா இருந்தார்' என்று எழுதியிருந்தார்கள். நான்கு பக்கக் கடிதம். மூன்று முறை படித்தேன். என்னைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது கிடைத்ததெல்லாம் அவருக்கு. இறந்த பிறகு குற்றமும் அவருக்கு, மன்னிப்பும் அவருக்கு. இது நியாயமான பதிவு ஆகாது.

எனவே திருத்திக்கொள்ளுங்கள். எட்டாவது தாளும் மாத்திரைப் பொட்டலமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பொட்டலத்தில் முப்பது இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடவும். அவளைக் கொன்றது நான். கோபத்தில் இல்லை, நான் யாரையும் கோபித்துக்கொள்கிறவன் இல்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. குதிப்பதற்கு முன்னால் அவள் விளிம்பில் நின்று கையை உயர்த்தி, "அப்பா, இங்க பாருங்க" என்றாள். பல் டாக்டர் எனக்கு நேர் பின்னால் நின்றிருந்தார், அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார் என்று பிள்ளைகள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? அவள் பார்த்த திசையில் முதலில் நின்றவன் நான். நானும் கையை உயர்த்தினேன். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அதை மட்டும் தயவுசெய்து குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.